பேஸ்மென்ட் சூரியன்

சட்டத்தை எதிர்ப்பவர்கள் உண்டு, மதிப்பவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஊரான் பிள்ளைக்குச் சட்டம் போட்டால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம்புகிற இனம். அமெரிக்காவில், எங்கள் மினசோட்டா மாநிலத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு டார்லீன் ஸ்கோக்லண்ட்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். கூட்டம் என்றால் முதல் வரிசை, மைக் என்றால் முதல் கை. பனிக்காலத்தில் விளக்குப் படுக்கையில் படுத்து உடம்புக்கு வெயில் நிறம் ஏற்றிக்கொள்ளும் கடைகளுக்குள் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளை விடக் கூடாது என்று சட்டசபைக் குழு முன் போய் நின்று, தன் தோளில் புற்று மச்சத்தை வெட்டியெடுத்த தழும்பைக் காட்டி, தானும் அழுது, குழுத் தலைவரையும் அழவைத்து, திரும்பும் வழியிலேயே எனக்குப் போன் போட்டு, "நம்ம பிள்ளைங்களக் காப்பாத்திட்டேன்!" என்றவர் டார்லீன். சட்டமும் வந்தது. அந்த அழுகை நிஜம்தான் ஐயா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் பள்ளி நடன விழா வந்தது. மகள் பிரிட்டாவுக்குப் பதினாறு வயது. முதுகு திறந்த வெள்ளை உடை. வெளியே முழங்கால் அளவு பனி.

"எல்லாரும் ஃப்ளோரிடா போய் வெயில் காஞ்சுட்டு வந்துட்டாங்கம்மா. நான் மட்டும் வேகாத கோழி மாதிரி நிக்கணுமா?"

பெற்ற மனசு தாங்குமா? இழுத்து மூடிய கடை ஒன்றிலிருந்து பழைய விளக்குப் படுக்கை டார்லீன் வீட்டு பேஸ்மென்ட்டில் வந்து இறங்கியது.

"ஏன் டார்லீன், தடை போடச் சொன்னதே நீதானே?"

"அது கடைக்கு! அங்க யாரு பாக்குறா? இங்க பெத்தவ நான் பக்கத்துலயே நிக்கிறேன்ல."

தாயைக் கண்டால் புற ஊதாக் கதிர் பயந்து ஓடிவிடும் போலிருக்கிறது.

பிரிட்டா படுக்கையின் மூடியைத் திறந்தவள், ஒரு கணம் தயங்கினாளாம். "அம்மா, உனக்கும் இதுலதானே அந்த மச்சம் வந்துச்சு?"

"நான் வருஷக்கணக்கா படுத்தேன்டி. உனக்கு ஒரு டான்ஸுக்குத்தானே? படு, படு."

விழாவன்று அந்தப் பெண் குப்புறக் கிடந்தாள். முதுகெல்லாம் கொப்புளம், துணி பட்டால் அலறல். வெள்ளை உடை கதவில் தொங்கியது. தோல் மருத்துவர் இனி வருஷா வருஷம் வந்து முதுகைக் காட்டச் சொல்லியிருக்கிறார். பாவம்.

டார்லீன்? மறுபடியும் தலைநகருக்குக் கிளம்பிவிட்டார். "வீட்டுக்குள்ளயும் தடை வேணும். இந்தக் காலத்து அம்மாக்களை நம்பவே முடியல!"

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டும் பொடியன்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று நேற்று டீக்கடையில் முழங்கினீர்களே, இன்று "தெருமுனைதானே, சீக்கிரம் போயிட்டு வாடா" என்று ஸ்கூட்டர் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? போனவன் இன்னும் திரும்பவில்லையே.