படிக்கட்டில் காது வைத்துக் கேட்டவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் துத்தநாகம் சாரைப் போலப் பேயோடு பழகியவர் வேறு யாரும் கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத் துரத்தியவரும் அவர்தான். பேயின் பெயர் துரு.

இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடும் பிரிவுக்கு அவர் இன்ஜினியர். நான் அதே தொழிற்சாலையில் பர்சேஸ் பிரிவில் இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், காலியான இரும்புத் தொட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். அருகில் போனதும் மெல்லச் சொன்னார்.

"சத்தம் போடாம போம்மா. அவன் துன்னுக்கினு கீறான்."

அப்புறம் ஒரு வாரம் அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் கேன்டீனுக்குப் போனேன்.

கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். கேட், கம்பெனி பஸ், கேன்டீன் மேசைக்கால், எதையும் விட மாட்டார். கல்யாணத்துக்கு வந்தால் மணமக்களை வாழ்த்துவதற்கு முன் சீர் பீரோவைத் தட்டுவார். 'ணங்' என்றால் முகம் மலரும். 'தொப்' என்றால் பெண்ணின் அப்பாவை இரக்கத்தோடு பார்ப்பார்.

இவருக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று செக்யூரிட்டி கோவிந்தம்மா பெரியபாளையத்து அம்மன் கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்து நெற்றியில் வைத்துவிட்டார். சார் பணிவாகத் தலை குனிந்து கேட்டார்: "இதுல உப்பு ஒண்ணும் கலக்கலியேம்மா?" உப்புதான் அவனுக்குத் தீனி. கடல் காற்று அடிக்கும் நாட்களில் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, யாரையோ தேடுவதுபோல ஷெட்டு ஷெட்டாக நடப்பார்.

ஒருமுறை பெரிய கஸ்டமர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் பழைய இரும்புப் படிக்கட்டில் துருவைச் சுரண்டாமல், அடிப்பூச்சான ப்ரைமரும் இல்லாமல், அவசரமாக நீலப் பெயின்ட் அடித்தார்கள். சில நாட்களில் அம்மை போட்டதுபோல் அதில் கொப்புளங்கள் எழும்பின. மழை விட்ட காலையில் கொப்புளங்களிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்து வழிந்தது.

அதை மறைக்கப் பெயின்டர் தேவராஜ் மறுபடி பிரஷ்ஷோடு வந்தபோது, சார் முதல் படியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து, மேல் படியில் காதை வைத்திருந்தார்.

"எந்திரி சார். நான் மேல போவணும்."

"போவாத தேவராஜு. அவன் உள்ள கீறான். நீ அடிச்ச பெயின்ட்டு அவனுக்குப் போர்வ. சொகமா துன்னுக்கினு கீறான்."

மேனேஜர் வந்துவிட்டார். "நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க சார். இங்க உக்காந்து பேய்க்கதை சொல்லிட்டிருக்கீங்க."

சார் எழுந்தார். நீலக் கைப்பிடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் போவதுபோல விரல் உள்ளே போனது. எங்கள் எல்லோரையும் தூரத்துக்கு நகர்த்திவிட்டு, கையை எட்டி நீட்டிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அவரும் பின்னால் வந்தார். 'தொப்.'

ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார்.

உச்சி வெயில், காற்றே இல்லை. படிக்கட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. தூங்குகிற ஆள் புரண்டு படுப்பதுபோல அது ஒருபக்கம் மெல்லச் சாய்ந்து, அப்படியே இறங்கியது. செந்தூள் எழும்பி எல்லோர் முகத்திலும் படிந்தது. தேவராஜின் பிரஷ்ஷிலிருந்து நீலம் அவர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சார் அருகில் போய் ஒரு கம்பியைத் தடவினார். "பாவம். இம்மா நாளு வெறும் பெயின்ட்ட புடிச்சிக்கினு நின்னுனு இருந்துகீது."

புதுப் படிக்கட்டுக்குத் துத்தநாகப் பூச்சு போட்டார்கள். இரும்பை விட்டுவிட்டு அவன் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்பான், அது தீரும்வரை இரும்புக்குப் பயமில்லை என்று சார் தேவராஜுக்கு விளக்கினார். தேவராஜ் அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைக்காமலே வள்ளூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் தட்டினார். "உங்க ஊட்டாண்டயும் வந்துட்டான்மா அவன்." மாலைவரை வெயிலில் நின்று அந்தக் கேட்டைச் சுரண்டி, ப்ரைமர் பூசி, பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

இப்போது ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இங்கே மழை என்று செய்தி வந்தால் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"கேட்டு எப்டிம்மா கீது?"

"நல்லா கீறேன் சார்" என்பேன்.