ஐம்பதாவது மேற்கோள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

இங்கு நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகளும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக. உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் மணி அடித்தால் மாடிக்கு ஓடிவிடுகிறேன். தொலைபேசியில் பேசலாமென்றால், தங்கள் தங்கை எந்த அறையில் இருந்தாலும் அவள் காது நான் பேசுகிற அறையில் இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே, மாத்திரை போட்டுப் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மாடி அறையைத் தாழிட்டு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், விடுதி அறையில், என் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சுக்குக் கொடுக்க நாம் இருவரும் உட்கார்ந்து எழுதியது நினைவிருக்கிறதா? மேற்கோள்கள் நாற்பத்தொன்பதுதான் தேறின. "ஐம்பது இல்லாம வந்தா கையெழுத்துப் போட மாட்டேன்" என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். அப்போது நாம் செய்த காரியம்தான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. 'மழைக்கு முன் எறும்புகளின் இடப்பெயர்ச்சி' என்று தலைப்பு வைத்தவன் நான். ஆசிரியர், நம் விடுதிச் சமையல்காரர். பெயருக்கு முன்னால் இரண்டு முதலெழுத்தைப் போட்டதும் மனுஷன் பேராசிரியராகவே ஆகிவிட்டார். பத்திரிகையின் பெயர், தொகுதி பதினேழு, பக்கம் 111 முதல் 118 வரை என்பதையெல்லாம் தாங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னீர்கள். என்ன கற்பனை இந்த ஆளுக்கு என்று அசந்துபோனேன். மழைக்குச் சரியாக மூன்று மணி நேரம் முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும் என்று அந்தக் கட்டுரையைக் காட்டி ஒரு வரியும் எழுதினேன். மூன்று எப்படி வந்தது? சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி மூன்று.

மகளிடம் எறும்பு ஆராய்ச்சியே வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அப்பா வழியில்தான் போவேன் என்றாள், போய்விட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையையும் நகலெடுத்துக் கூடவே வைக்க வேண்டும் என்று அவள் துறையில் உத்தரவாம். சனிக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவனிடம் வந்து, "அப்பா, எல்லாம் கிடைச்சுது, உங்க ஆய்வேட்டுலேருந்து நான் எடுத்த ஐம்பதாவது மட்டும் கிடைக்கலை. நீங்க படிச்சதுதானே, நூலகத்துல போய் நீங்களே எடுத்துட்டு வந்துருங்களேன்" என்றாள். பற்பசையை விழுங்கிவிட்டேன். சின்ன வயதில் தோட்டத்தில் பாம்பு என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவளையே "பார்த்தியா? பார்க்காம எதையும் சொல்லாதே" என்று திருப்பி அனுப்பிய அப்பன் நான். அவளிடம் என்னத்தைச் சொல்ல?

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். போனேன் என்று பேர் பண்ணிவிட்டு, கிடைக்கவில்லை என்று வந்துவிடலாம் என்பது என் திட்டம். தேடுகிற கணினியில் கட்டுரைத் தலைப்பைத் தட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்பாடா என்று எழுந்தால், பின்னால் நூலகர் அம்மா நிற்கிறார்கள். குட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, முகத்தில் அப்படியொரு உதவும் எண்ணம். எனக்கு அப்போதே உதறல் எடுத்துவிட்டது. "சார், இதுல கட்டுரைத் தலைப்பைப் போட்டா வராது. இது புத்தகத்துக்கும் பத்திரிகைக்குமான பட்டியல். முதல்ல பத்திரிகை, அப்புறம் தொகுதி, அப்புறம் பக்கம். உங்ககிட்ட எல்லா விவரமும் இருக்கே, அப்போ கிடைச்ச மாதிரிதான். தெரிஞ்ச கட்டுரையைத் தேடுறதுதான் சார் உலகத்துலயே சுலபமான வேலை" என்றார்கள். "இல்லம்மா, அவசரமில்லை" என்றேன். "எனக்கு அவசரம் சார். தேடி வந்தவங்க வெறுங்கையோட போனா எனக்குத் தூக்கம் வராது" என்று அடித்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடித்தளத்தில் பழைய பத்திரிகைகளை வருட வாரியாகப் பைண்டு செய்து அடுக்கியிருக்கிறார்கள். பதினாலு, பதினைந்து, பதினாறு என்று அவர்கள் விரல் நகர நகர, பதினேழு மட்டும் கரையான் அரித்துப் போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. எடுத்துப் புரட்டினார்கள். 110. அடுத்தது 119. நடுவில் உள்ளதை யாரோ பிளேடு வைத்து அறுத்து எடுத்திருக்கிறார்கள்! ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "அடடா, போச்சே" என்று பெருமூச்சுகூட விட்டேன். நூலகர் அம்மா அதற்குள் பின்னட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்கள், தொகுதியைப் படிக்க எடுத்தவர் கையெழுத்துப் போடும் சீட்டு. "கடைசியா எடுத்தது முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. சார், இது உங்க பேருதானே?" என்றார்கள்.

என் பெயர்தான். கடைசி எழுத்தில் கொக்கி மாதிரி ஒரு சுழியோடு என் பெயர். அந்தத் தொகுதியைத் தொட்ட ஞாபகமே எனக்குக் கிடையாது மச்சான், சத்தியமாக! ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தேன். கட்டுரை இருந்தது என்றால் நான் பக்கத் திருடன். இல்லவே இல்லை என்றால் பித்தலாட்டக்காரன். எதை ஒத்துக்கொள்வது? அந்த அம்மா என்னை மேலே கூட்டிப்போய், "கவலைப்படாதீங்க சார், வேற நூலகத்துல இதே தொகுதி இருக்கு. பக்கம் 111 முதல் 118 வரை நகல் கேட்டுட்டேன். வியாழக்கிழமை வந்துரும்" என்று சிரித்தார்கள். கையோடு கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். இந்தக் கட்டுரையை இதுவரை முப்பத்தேழு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் மூன்று மணி நேரத்துக்கு வரைபடமே போட்டிருக்கிறார். இன்னொருத்தர், ஆசிரியரின் நடை சற்றுக் கடினம் என்று குறை வேறு சொல்லியிருக்கிறார். நம்ம சமையல்காரர் கடிதம்கூட எழுதி நான் பார்த்ததில்லை!

டேய், எனக்குப் பயமாக இருக்கிறதுடா. மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நான் ஓய்வு பெற்றவன், என்ன பிடுங்கிவிடுவார்கள்? அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பார்க்கவே இல்லையாப்பா?" என்று கேட்பாளே, அதற்குத்தான் நடுங்குகிறேன். நேற்று அவள் மேசையில் ஆய்வேட்டின் கட்டைப் பார்த்துவிட்டு, திறக்கத் தைரியமில்லாமல் தூசி தட்டிவிட்டு வந்தேன். நீதான் காப்பாற்ற வேண்டும். உன்னிடம் அந்தப் பழைய தட்டச்சு இயந்திரம் இருக்கிறது. எட்டே பக்கம். எறும்பு, மழை, மூன்று மணி நேரம், நடுவில் ஒரு அட்டவணை. தாள் பழசாகத் தெரிய நாலு நாள் வெயிலில் போடு. நாலு நாள் இல்லை, ஒரு நாள் போடு. விரைவுத் தபாலில் வியாழனுக்குள் வந்து சேர வேண்டும்.

மற்றபடி, வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும். தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் நடுக்கமும் உள்ள மைத்துனன்

பி.கு.: தங்கள் புது விலாசம் மகளிடம்தான் இருக்கிறது. உறையை நன்றாக ஒட்டிய பிறகே அவளிடம் எழுதக் கொடுப்பேன். கவலை வேண்டாம்.

இன்னொரு பி.கு.: மாமா, இது உங்கள் மருமகள். அப்பா ஒட்டித்தான் கொடுத்தார். நான் விலாசத்தில் பாதி எழுதியிருந்தேன். தபால் நிலையத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டியவர், திரும்பி வந்து, உறையை என் கையிலிருந்து பிடுங்கி, அவரே பிரித்து, எல்லாப் பக்கத்தையும் என் முன்னால் வைத்தார். "படிச்சுப் பாரு. பார்க்காம எதையும் சொல்லாதே" என்றார். நான் முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் கட்டுரை கிடையாது என்று எனக்கு முதல் வருடமே தெரியும். வெளியூர் நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் நகலும் அப்போதே வந்துவிட்டது. அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகச் சொல்லட்டும் என்றுதான் நூலகத்துக்கு அனுப்பினேன். நான் முன்பே சொல்லி வைத்தபடி நூலகர் அம்மாவும் நன்றாக நடித்தார்களாம். 111 முதல் 118 வரை இருப்பது வேறொரு கட்டுரை, அதே வருடம் நீங்கள் கொடுத்த உங்கள் ஆய்வேட்டின் முதல் மேற்கோள், மாமா. சீட்டில் இருப்பது அப்பா பெயர், ஆனால் அந்தக் கொக்கி என் ஒவ்வொரு பிறந்தநாள் வாழ்த்திலும் நீங்கள் போடுகிற கொக்கி. எட்டுப் பக்கமும் இன்னும் உங்கள் பெட்டியில் இருந்தால் நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். தட்டச்சு வேண்டாம், அசல் போதும்.

என் ஆய்வேட்டின் நன்றியுரையில், "பார்க்காமல் எதையும் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்த அப்பாவுக்கு" என்று எப்போதோ எழுதிவிட்டேன். ஆய்வேட்டிலேயே ஆதாரம் இல்லாத வரி அது ஒன்றுதான் என்று இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று கிடைத்துவிட்டது. ஆகவே கடிதத்தின் மூலத்தை நான் வைத்துக்கொண்டேன். உங்களுக்கு வந்திருப்பது நகல்.