அத்தைக்கு விழுந்த அரைப் பேர்

புதிதாகப் படித்த எதையும் ஒரு வாரத்துக்காவது வெளியே சொல்லக் கூடாது. இது தெரியாமல்தான் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஐம்பதுகளின் கடைசி. ஹட்டனில் பௌதிகம் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தேன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண் பார்க்க, மாமாவோடு கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். (கோட்டு இரவல். கர்வம் மட்டும் சொந்தம்.) சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதால், பெண்ணும் அவள் அம்மாவும் இன்னும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில்தான் நின்றார்கள். நேரே அங்கேயே போய்விட்டோம்.

வரிசையில் நிறைகூடையோடு வருங்கால அத்தை. பின்னால் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடி பெண். "கஷ்டமா இருக்குங்களா அத்தை?" என்று கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எங்கே கேட்டேன்!

"அத்தை, பாரத்தோட சும்மா நின்னா அது வேலையே இல்லீங்க. பாரம் நகர்ந்தாத்தான் வேலை. பௌதிகம் அப்படித்தான் சொல்லுது."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று பதிவார்கள். வேலை குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். தராசடியில் இருந்த கணக்கப்பிள்ளை காதில் என் பௌதிகம் விழுந்து தொலைத்தது.

"கேட்டியா? படிச்ச மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருதான்!"

வரிசையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "நான் வேலை செய்யலேன்னு சொல்ற ஆளுக்கு எம் பொண்ணு கெடையாதுங்க," என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா பார்த்த பார்வையில் இரவல் கோட்டு கருகாதது அதிசயம்.

அப்போதுதான் பெண் வாய் திறந்தாள். "அம்மா, கூடையை அவரு தலையில மாட்டுங்க. சும்மாதானே நிக்கப் போறாரு."

மாட்டினார்கள். கூடைக் கயிறு மண்டையை அறுத்தது, கழுத்து உடம்புக்குள் இறங்கியது. கணக்கப்பிள்ளை, பாவி மனுஷன், வேண்டுமென்றே மற்றவர்களுக்கெல்லாம் முதலில் நிறுத்தார். கடைசியில் கத்தியே விட்டேன்: "ஐயா, இது வேலைதாங்க! சத்தியமா வேலைதான்! அத்தைக்கு முழுப் பேரு போடுங்க!"

போட்டார். அத்தையும் இறங்கி வந்தார். "வாய்தான் ஜாஸ்தி. கழுத்து பலமாத்தான் இருக்கு."

கல்யாணம் நடந்தது. கடைசிக் காலத்தில் அத்தை நடக்க முடியாமல் எங்களோடுதான் இருந்தார். தினமும் அவரைத் தூக்கிப்போய் வெயிலில் உட்கார வைப்பேன். கூச்சத்தை மறைக்க ஏதாவது பேசுவார்.

"மாப்பிள்ளை, இது வேலைங்களா?"

"இல்லீங்க அத்தை. சும்மாதான்."

"அப்ப ஒங்களுக்கு அரைப் பேருதான்."

இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கினால் என் மனைவி அரைப் பேர் போடுகிறாள். வீடே சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். ஆனாலும் எனக்கு அத்தை போட்ட அரைப் பேர்தான் வேண்டும்.