கமிஷனர் நடத்திய தேர்தல்கள்

ஆந்திராவிலேயே அதிகத் தேர்தல்களை நடத்தியவர் எங்கள் கமிஷனர்தான். ஒரு தேர்தலிலும் கலவரம் இல்லை, பிரியாணி இல்லை. வேட்பாளர்களும் வாக்காளர்களும் ரவுட்டர்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் நாங்கள் இருவர்: அவரும், முப்பத்தெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த நானும். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை.

ரவுட்டர் என்பது தகவலுக்கு வழி சொல்லும் பெட்டி. பல பெட்டிகள் ஒரே வலையில் இருந்தால் எல்லாம் எல்லோரிடமும் பேசிக் கூச்சல் போடும். அதனால் தங்களுக்குள் ஒரு தலைவரையும் ஒரு துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இதற்கு நாற்பது விநாடி ஆகும். அந்த நாற்பது விநாடியும் கமிஷனர் அறையில் யாரையும் அசைய விடமாட்டார். ஒருமுறை மேனேஜர் கையெழுத்துக்காக உள்ளே வந்தார். கமிஷனர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் நில்லுங்க சார். ஓட்டுப் போட்டுகினு இருக்காங்க."

மேனேஜர் நின்றார். ஏன் நின்றோம் என்று பிறகு என்னிடம் கேட்டார்.

எங்கள் குடுபல்லி கிளையில் இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு இணைப்பு. அதில் ஒரு முனையைப் பல பெட்டிகள் கூடித் தேர்தல் வைக்கும் வகையிலும், மறுமுனையை இரண்டே பெட்டிகள் நேராகப் பேசும் வகையிலும் நான் அமைத்துவிட்டேன். இரண்டு பெட்டிகளும் 'நாங்கள் நெருங்கிய உறவு' என்றன. தகவல் மட்டும் போகவில்லை. கமிஷனர் பார்த்தார்.

"ரெண்டே பேர் இருக்கிற ஊட்ல எலெக்‌ஷன் எதுக்குணா? இவன் தேர்தல் வச்சுகினு இருக்கான், அவன் குடும்பம் நடத்திகினு இருக்கான். எப்டி ஒத்துப்போவும்?"

மாங்காய் சீசனில் ஒரு நாள், சித்தூர் ரவுட்டரின் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றுவதற்காகப் பத்து நிமிடம் நிறுத்தினோம். திரும்பப் போட்டதும் எங்கள் பங்காருபாளையம் கிளையிலிருந்து போன். எடைமேடையில் எடைச் சீட்டு வரவில்லை. சீட்டு இல்லாமல் பழம் உள்ளே போகாது. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை டிராக்டர்கள், எல்லாவற்றிலும் பழுத்த தோத்தாபுரி மாம்பழம், மேலே ஜூன் வெயில்.

நடந்தது இதுதான். எங்கள் எல்லா ஊர் இணைப்பும் சித்தூருக்குத்தான் வரும். ஊருக்கு ஊர் நேர்வழி கிடையாது. ஆகவே பெரிய நம்பர் போட்டுச் சித்தூரைத்தான் தலைவராக்க வேண்டும். மற்ற பெட்டிகளுக்கு 'பிரியாரிட்டி ஜீரோ' என்று போட்டுவிட வேண்டும்; அதாவது தேர்தலில் நிற்கத் தடை. குப்பம் ஊரில் புதிதாக வைத்த பெட்டிக்கு மட்டும் அந்தத் தடை போடப்படவில்லை. சித்தூர் இல்லாத பத்து நிமிடத்தில் அது தன்னைத் தானே தலைவராக்கிக்கொண்டது; மற்ற ஊர்களை எட்ட வழியில்லாத தலைவர்.

"சித்தூருக்குப் பெரிய நம்பர் போடுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

"போட்டாச்சு சார். எவ்ளோ பெரிய ஆளு வந்தாலும் உக்காந்தவன் தானா எழுந்துக்க மாட்டான். ரூல்ஸ் அப்டி."

குப்பம் பெட்டிக்குள் சித்தூரிலிருந்து நுழையும் வசதியும் செய்யப்படவில்லை. குப்பத்தில் எடைமேடை பார்க்கும் முனிலட்சுமியைக் கமிஷனர் போனில் பிடித்தார்.

"தாயீ, அந்த நீலப் பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"வத்து சார், வேணாம்! தொட்டா உத்தியோகம் பூடும்னு சொல்லிக்கிறாங்க."

"அது எறங்கினாதான் இங்க பழம் எறங்கும். பழி என்மேல. அமுக்கு தாயீ."

அமுக்கினாள். கமிஷனர் கையைத் தூக்கினார். மேனேஜர் இந்தத் தடவை காரணம் கேட்காமலே நின்றார். சற்று நேரத்தில் பங்காருபாளையத்திலிருந்து முதல் சீட்டு வந்துவிட்டதாகப் போன் வந்தது.

மேனேஜருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். "குப்பம் பெட்டிய செட் பண்ணது எவரு?"

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று நான் செருப்புதான் போட்டிருந்தேன்.

"நான்தான் சார். மறந்துட்டேன்" என்றார் கமிஷனர்.

ஒரே வாரத்தில் அவரைத் திருப்பதி கிளைக்கு மாற்றினார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு ரவுட்டர். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது.

அவர் சாமான் கட்டும்போது போய் நின்றேன். "மேனேஜர்கிட்ட உண்மைய சொல்லிடறேன்பா."

"ரிசல்ட் சொல்லியாச்சுணா. மறு எண்ணிக்கை கெடையாது" என்று கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீ சேந்து மூணு மாசம். உன்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. பசங்க படிக்குதுங்க இல்ல? என்னைய திருப்பதிக்குதானே அனுப்புறாங்க. நல்ல ஊரு."

மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் திருப்பதி பஸ் ஏறுகிறேன். சாமி கும்பிடப் போவதாக வீட்டில் நினைக்கிறார்கள். இதுவரை ஒருமுறைகூட நான் மலை ஏறியதில்லை.