பிஞ்சுக் கிளாக்கர் பறித்த சுரைக்காய்

வன்னியில் அந்தக் காலத்தில் யானைக்குப் பயப்படாத ஆட்கள் சிலர் இருந்தார்கள். பிஞ்சுக் கிளாக்கருக்குப் பயப்படாத காய்கறிச் செடி ஒன்றுகூட இருந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சி அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நானும் அவரும் எழுத்து வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. இருந்ததும் ஒரே குவாட்டர்ஸ். சந்தைக் காய்கறியை அவர் தொடமாட்டார். "அது செத்து மூண்டு நாள் ஐசே. அதைச் சமைக்கக்கூடாது, அழவேணும்" என்பார். பின்வளவில் தானே தோட்டம் போட்டு, எதையும் முத்தவிடாமல் பிஞ்சிலேயே பறிப்பார்; அந்தப் பட்டமும் அதனால்தான். முதலில் சட்டியை அடுப்பில் வைப்பார். தேங்காய்ப்பால் கொதித்த பிறகுதான் கத்தரிக்காய் பறிக்க ஓடுவார். ஒருநாள் அந்த ஓட்டமும் அவருக்குத் தூரமாகப் பட்டுவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் வெண்டிச் செடிக்குக் கீழேயே வைத்தார். வெண்டிக்காய் வெந்தது. செடியும் வெந்தது.

"என்ன ஐசே, செடியையும் சமைச்சுப்போட்டீர்?"

"செடி கிடக்கட்டும். வாயைத் திறவும்" என்று அகப்பையை நீட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு வெண்டிக்காயை நான் அதற்குமுன் தின்றதில்லை.

இவருக்கும் முப்பத்திநாலு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. தர்மபுரத்தில் வயலும் தோட்டமுமாக இருந்த ஒரு கமக்காரர் வீடு. துணைக்கு நான். சைக்கிளில் போகும்போதே எச்சரித்தேன்.

"அங்க போய்க் கத்தரிக்காய்க் கதை கதைக்கக்கூடாது."

"ஓம் ஐசே. வாயே திறக்கமாட்டன்."

வாயைத் திறக்கவில்லைதான். கையைப் பற்றி நான் வாக்கு ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.

கமக்காரர் கதிரை போட்டு எங்களை இருத்தினார். "கால் கழுவிக்கொண்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போன கிளாக்கரைப் பத்து நிமிடமாகக் காணவில்லை. திடீரென்று பின்வளவில் ஒரு பெண் குரல்: "ஐயா! ஓடி வாங்கோ! கண்காட்சிச் சுரைக்காயை ஒருத்தன் பிடுங்கிப்போட்டான்!"

ஓடினோம். சுரைப் பந்தலின் கீழே கிளாக்கர். கையில் அரை முழச் சுரைப்பிஞ்சு, காம்பில் சிவப்புத் துணி. எதிரே இடுப்பில் கையூன்றியபடி மணப்பெண். விவசாயக் கண்காட்சிக்கென்று மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அடையாளத் துணி கட்டிப் பிள்ளைபோல வளர்த்தாளாம்.

"துணி கட்டியிருக்கு. கண் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. அதுதான் வடிவாயிருந்தது. இன்னும் ரண்டு நாள் விட்டிருந்தால் முத்திப்போயிருக்கும்."

கமக்காரரின் மீசை துடித்தது. நான் என் சைக்கிள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன். கிளாக்கரோ அசையவில்லை.

"பறிச்சாச்சு. இனி ஒட்டேலாது. குசினி எங்க?"

ஒருவரும் வழி காட்டவில்லை. புகை வந்த திக்கில் அவரே போனார். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், தேங்காய்ப்பால், அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் சுடச்சுடப் பால்கறி வந்தது. கமக்காரர் அடிக்க வருகிற முகத்தோடு முதல் கவளத்தை வாயில் வைத்தார். இரண்டாவது கவளத்தில் மீசை அடங்கியது. பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டார்.

பெண் கதவோரம் நின்று தன் பங்கை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.

கிளாக்கர் உடனே அகப்பையை நக்கிப் பார்த்தார். அவர் சமையலில் ஒருவர் குறை சொன்னது அன்றுதான் முதல்முறை.

"அப்ப உனக்குச் சம்மதம் இல்லையோ, பிள்ளை?" என்றார் தகப்பன்.

"சம்மதம்தான். ஆனா பந்தலுக்குள்ள கால் வைக்கிறதெண்டால் என்னைக் கேட்டுத்தான் வைக்கவேணும்."

கிளாக்கர் எழுந்து நின்று, "வேணுமெண்டால் எழுதித் தாறன்" என்றார்.

அடுத்த வருடம் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. புருஷனும் பெண்சாதியுமாக ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு வாழையிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்கள். அவித்த பயறும் துருவிய தேங்காய்ப்பூவும். ரயில் நகர்ந்ததும் அவர் கூடவே ஓடி வந்தார்.

"பரந்தன் வரமுதல் சாப்பிட்டிடும் ஐசே! ஆறிப்போகும்!"

சாப்பிட்டேன். அடுத்த ஸ்டேஷனான பரந்தன் வந்தபோது மடியில் வெறும் இலைதான் கிடந்தது. அதை யன்னலால் எறிய எனக்கு மனம் வரவில்லை.