உப்புத் தண்ணீர் மீனுக்கு உப்புப் போட்டவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. "எனக்கு மூன்று நாளாக..." என்று நீங்கள் வாயைத் திறக்கும்போதே அவர்கள் நோயின் பெயரைச் சொல்லி, மருந்தின் பெயரைச் சொல்லி, அதே நோயோடு தங்கள் மைத்துனர் எந்த வார்ட்டில் எத்தனை நாள் கிடந்தார் என்பதையும் சொல்லி முடித்திருப்பார்கள். மூன்று நாளாக உங்களுக்கு இருப்பது இருமலா, இடுப்பு வலியா, மருமகளா என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத விபரம். ஓட்டோவின் எஞ்சின், சுவரில் விழுந்த வெடிப்பு, ரூபாயின் வீழ்ச்சி, எதைக் காட்டினாலும் ஒரே பார்வை. சில வேளை அந்தப் பார்வையும் கிடையாது. பார்த்தால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? இவர்களைப் பார்க்காமலே நோய் சொல்பவர்கள் என்று அழைப்போம்.

இந்த வகையின் முழு வளர்ச்சியடைந்த மாதிரியைக் காண விரும்புகிறவர்கள் கண்டியில் கட்டுக்கலைப் பக்கம், டொக்டர் றஞ்சனாவின் பல் கிளினிக்குக்குப் போகலாம். பல்வலி அவசியமில்லை. காத்திருக்கும் அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கதிரையில், காலை ஒன்பதரைக்கே தேவராசா அமர்ந்திருப்பார். அவருக்கும் பல்வலி இல்லை. வலிப்பதற்குப் பல்லே இல்லை. ஆனால் அங்கே பேப்பர் கிடைக்கிறது, காற்று கிடைக்கிறது, கேட்க ஆட்கள் கிடைக்கிறார்கள். அந்த ஆட்களோ தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள். இதைவிட நல்ல சபை உலகத்தில் எந்தப் பேச்சாளனுக்குக் கிடைத்திருக்கிறது?

சாவகச்சேரியில் பிறந்து, கண்டியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் டொக்டர்மாரின் இடமாற்றக் கடிதங்களைத் தட்டச்சு செய்த ஒருவருக்கு வைத்தியம் கைவராமலா இருக்கும்? நோயாளி பேசத் தொடங்கியதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். அதாவது, இனிப் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு, "உது எனக்குத் தெரியும்" என்பார். அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாயிற்று.

இப்படிப்பட்டவரின் முன்னால்தான் ஒரு நாள் கடல் மீன் ஒன்று வந்து சேர்ந்தது.

கடலிலிருந்து எழுபது மைல் தள்ளி, மலைமேல் இருக்கும் ஊரில் கடல் மீன் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீந்துகிற மீனைப் பார்த்தால் நோயாளிகளின் பயம் தணியும் என்று டொக்டர் றஞ்சனா எங்கோ படித்திருந்தார். நான்கடித் தொட்டி வந்தது. இரண்டு வாரம் கழித்து, நீர்கொழும்புக் கடையொன்றிலிருந்து பொலித்தீன் பையில், உள்ளங்கை அகலத்தில், வானத்தைக் கழுவிப் பிழிந்தது போன்ற நீலத்தில் ஒரு மீன் வந்தது. வாலடியில் சத்திரக் கத்தி போல் ஒரு முள் இருப்பதால் அதற்கு சேர்ஜன் மீன் என்று பெயர். பெயரைக் கேட்டதும் டொக்டருக்கு வேறு மீன் பிடிக்கவில்லை. புதிய மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம்?" என்று டொக்டர் நேரே தொட்டிக்குள் விடச் சொன்னார்.

மீனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கஜலட்சுமியின் தலையில் விழுந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் பெண். கிளினிக்கில் போன் எடுப்பதும் நம்பர் கொடுப்பதும் அவள் வேலை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள். அவளுடைய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. ஆகையால் அவளுக்குக் கலைதான் பொருத்தம் என்று பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் பார்க்காமலே சொன்ன நோய்தான். மூன்று மாதம் வேலை பார்த்துத் திருப்தியென்றால் நிரந்தரம் என்பது ஒப்பந்தம். மீன் வந்தபோது பாதிக் காலம் முடிந்திருந்தது.

நான்காம் நாள் காலை மீனின் செட்டையில் வெள்ளைப் புள்ளிகள். ரவைக் குறுணல் அளவு. கஜலட்சுமி எண்ணினாள்: பதினொன்று. ஒரு கொப்பியில் எழுதினாள். மறுநாள் இருபத்தாறு. மீன் கல்லில் போய் உடம்பை உரசியது, சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டு நாளும் செவுள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை திறக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். அதையும் எழுதினாள்.

"என்ன பிள்ளை, மீனோட கதைக்கிறீரோ?" என்றார் தேவராசா.

"மீனுக்கு சொகமில்லைங்க ஐயா. வெள்ளை வெள்ளையா..."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "உது எனக்குத் தெரியும். பூஞ்சணம். உப்புப் போடும்."

"ஐயா, இது கடல் மீனுங்க. இருக்கிறதே உப்புத் தண்ணியில."

"அதுக்குத்தான் சொல்லுறன்! கடல் மீனுக்கு உப்புத்தான் சொந்த மருந்து. என்ர மகன்ர கூட்டாளி வீட்டில தங்கமீனுக்கு உப்புப் போட்டுத்தான் நோயை மாத்தினவை."

"அது நல்ல தண்ணி மீனாச்சேங்க?"

"மீனெண்டா மீன்தான் பிள்ளை."

கடைவாய்ப் பல்லோடு காத்திருந்த சில்லறைக் கடை ஸ்ரீதரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தன் பங்கைச் சொன்னார்: "கண்ணு பட்டிருக்கும். எல்லாரும் வாயப் பொளந்து பாக்குறாங்கல்ல. எலுமிச்சங்காய் ஒண்ணு கட்டுங்க." கட்டினார்கள். நூல் கறுப்பா சிவப்பா என்று கால் மணி நேரம் விவாதமும் நடந்தது. எலுமிச்சங்காய் பாவம், தொட்டிக்கு வெளியே தொங்கியது, யாருக்கும் தீங்கில்லை. உப்புத்தான் உள்ளே போனது.

கையுறையோடு வெளியே எட்டிப் பார்த்த டொக்டர் றஞ்சனாவிடம் கஜலட்சுமி கொப்பியை நீட்டினாள். "மிஸ், கடைக்கு ஒருக்கா போன் போட்டு கேக்கட்டுங்களா?"

"அங்கிள் சொல்லுறபடி செய்யும் கஜா. அவருக்கு அனுபவம் இருக்கு."

எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு பல்லையும் தொடாத டொக்டர் அவர்! ஆனால் நிச்சயமாகப் பேசுபவன் அறிந்தவன், கேள்வி கேட்பவள் அறியாதவள் என்பது இந்த நாட்டில் படித்தவர்களும் விட்டுக்கொடுக்காத நம்பிக்கை. கேட்பவள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தேநீர் போடும் மூலையிலிருந்து இரண்டு பாக்கெட் சமையல் உப்பை எடுத்து வந்து, தேவராசாவே தம் திருக்கையால் தொட்டிக்குள் கவிழ்த்தார். பின்னேரமாகும்போது மீன் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது.

"பாத்தீரே? மருந்து பிடிக்குது. அதுதான் துடிக்குது."

மறுநாள் மீன் இன்னும் மோசம். பார்க்காமலே நோய் சொல்பவரின் உண்மையான திறமை இப்போதுதான் வெளிப்படும். மருந்து தவறாக இருக்க முடியாது. ஆகவே தவறு வேறு எங்கோ இருக்கிறது. எங்கே? அதற்கும் பார்க்கத் தேவையில்லை.

"கை சரியில்லை, பிள்ளை றஞ்சனா," என்று குரலைத் தாழ்த்தினார். அறை முழுவதும் கேட்கும் அளவுக்கு மட்டுமே தாழ்த்தினார். "தேயிலையோட வளந்ததுகளுக்குக் கடல் மீனைப் பற்றி என்ன தெரியும்? குறை நினையாதையும், நான் உள்ளதைச் சொல்லுறன்."

டொக்டர் குறை நினைக்கவில்லை. கஜலட்சுமியைக் கூப்பிட்டு, "மீன் செத்தால், உம்மட வேலை விசயத்தை நாங்கள் திரும்ப யோசிக்க வேண்டிவரும்" என்றார். உப்பைக் கொட்டிய கைக்கு அதே கதிரை, அதே மின்விசிறி. எண்ணி எழுதிய கைக்கு வேலை போகும் பயம். நீதி எவ்வளவு சுறுசுறுப்பாக ஆள் தேடிக்கொள்கிறது பாருங்கள்!

அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. மதிய இடைவேளையில், மீன் வந்த பையில் ஒட்டியிருந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள். கடையில் எடுத்தவர் பெயர் பிரதீஸ். அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள்: நோயின் பெயரைச் சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

"புள்ளி என்ன சைஸ் அக்கா? பஞ்சு மாதிரியா, குறுணல் மாதிரியா? எத்தனை நாளா?"

சொன்னாள்.

"மூச்சு நிமிசத்துக்கு எத்தனைன்னு எண்ணிப் பாக்கேலுமா?"

"முந்தாநாளு தொண்ணூத்தாறு. நேத்து நூத்திப் பத்து. இன்னைக்கு காலையில நூத்தி முப்பதுங்க."

"அக்கா, நீங்க டொக்டரா?"

"இல்லைங்க. நம்பர் குடுக்கிறவ."

பூஞ்சணம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி என்றார். தொட்டியில் ஒரு மீனுக்கு வந்தால் தொட்டிக்கே வந்த மாதிரி. பிறகு, உப்புப் போட்ட கதையைக் கேட்டதும், உப்பளக்கும் மிதவையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆயிரத்து இருபத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் ஆயிரத்து முப்பது காட்டியது. இரண்டு பாக்கெட் மட்டும் போட்டு அவ்வளவு ஏறாதே என்றார் பிரதீஸ். தண்ணீர் குறைந்தால் எதை ஊற்றுகிறீர்கள்?

"உப்பு கலக்குன தண்ணிதாங்க..." பாதியில் நிறுத்தினாள். "ஐயோ! வத்துறது தண்ணி மட்டும்தானே, உப்பு உள்ளேயேதானே கெடக்கு. தப்பு என்னுதுங்க அண்ணே."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேவராசா எழுபத்தொரு வருடத்தில் எந்த மொழியிலும் உச்சரித்ததில்லை.

பிரதீஸ் அனுப்பிய மருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது. பழைய எக்ஸ்ரே படங்கள் வைத்திருந்த சிறிய அறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, காற்றுக் குழாய், கண்டிக் குளிருக்கு ஒரு சூடாக்கி; மீன் அதற்குள் குடிபோனது. இரண்டு தொட்டியிலும் உப்பின் அளவை நல்ல தண்ணீர் விட்டு நாளுக்குக் கொஞ்சமாக இறக்கினாள். செப்பு மருந்தைத் துளி எண்ணி விட்டாள், தினமும் அளந்தாள், எழுதினாள். வெளியே பெரிய தொட்டி மீனில்லாமல் ஆறு வாரம் கிடக்க வேண்டும். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி பட்டினியில் சாக வேண்டும். டொக்டர் அரை மனதோடு சம்மதித்தார்.

வெறும் தொட்டியைக் கண்ட தேவராசா என்ன செய்தார்? உள்ளே எட்டிப் பார்த்தாரா? ஒரு வார்த்தை கேட்டாரா? நீங்கள் இன்னும் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. மீனின் மரணத்தை அறிவித்தார். காலை வந்தவர்களுக்கு ஒரு தடவை, பகல் வந்தவர்களுக்கு ஒரு தடவை, மரணத்தின் காரணத்தோடு. "இரண்டு பாக்கெட்டோட விட்டது பிழை. மூண்டாவதையும் போட்டிருந்தால் தப்பியிருக்கும்." ஸ்ரீதரன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார், திரும்ப வேறு பல்லோடு வந்தார், மீன் இன்னும் இறந்துகொண்டேயிருந்தது.

ஏழாவது வாரம் ஒரு காலை, இதே இரங்கலுரையின் நடுவில், கஜலட்சுமி வாளியோடு வந்தாள். சின்ன வலையில் அள்ளிப் பெரிய தொட்டியில் விட்டாள். நீல மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணாடிக்கு வந்து அறையிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"மீன் செத்துப்போச்சுன்னீங்களே ஐயா, அப்ப இவரு யாருங்க?"

தாடை வீங்கியவர்களும் சிரித்தார்கள். வலித்தது; ஆனாலும் சிரித்தார்கள். டொக்டர் றஞ்சனா வாசலில் நின்று அந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். உப்புப் போட்ட நாளின் பக்கத்தில் யார் போடச் சொன்னார்கள், அவர் சொன்னபடி யார் செய்யச் சொன்னார்கள் என்ற இரண்டு பெயர்களும் நேர்த்தியான கையெழுத்தில் இருந்தன; அதற்கடுத்த பக்கத்தில் "தண்ணியில் என் பிழை" என்றும் இருந்தது. டொக்டரின் முகம் சிவந்தது. "கஜா, உம்மட கடிதத்தை இண்டைக்கே அடிச்சுத் தாறன். நிரந்தரம்," என்றார். பிறகு கொப்பியை மூடிவிட்டு, "நானும் பிழை விட்டிட்டன்" என்றார். பார்க்காமலே நோய் சொல்லும் வியாதி குணமாகக்கூடியதுதான் என்பதற்கு இது சான்று.

எல்லாருக்கும் அல்ல. "பாத்தியளே," என்று சபையைப் பார்த்துச் சொன்னார் தேவராசா, "உப்பு மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். ஆனால் செய்யும்!"

இனி உங்களிடம் ஒரு கேள்வி. இதை வாசித்துக்கொண்டு வரும்போது, "அட, இது நம்முடைய இன்னார்தானே" என்று ஒருவரின் பெயரை மனதுக்குள் சொல்லிவிட்டீர்கள், இல்லையா? மைத்துனரோ, அதிபரோ, மேல் வீட்டுக்காரரோ. எத்தனையாவது வரியில்? அவரிடம் ஏதாவது கேட்டீர்களா? ஒரு நாளாவது எண்ணி எழுதிப் பார்த்தீர்களா? இல்லை; பார்க்காமலே தெரிந்துவிட்டது.

அப்படியானால் வணக்கம். அந்த மின்விசிறிக்குக் கீழே பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருக்கிறது.