ஏழு தடவை கலைத்தேன்

இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது ஜெயிப்பது என்ற சபதத்தோடுதான் சீட்டுக்கட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஆபீஸ் நண்பர்கள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள். ரெண்டு நாள். நாலு மணிக்குத் தெருமுனையில் வேன். என் மனைவியோ அதே ரெண்டு நாளில் பரணைச் சுத்தம் செய்யச் சொல்கிறாள். கல்யாணமானதிலிருந்து நான் ஏறாத பரண்! கெஞ்சினேன்.

"சரி, ரம்மி ஆடுவோம். ஜெயிச்சா போங்க" என்றாள் மகராசி.

அரை மணி ஆட்டம். விசில் அடிக்கும்போது யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. விதிகளை ஒரு தாளில் எழுதி நீட்டினாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கட்டின பெண்டாட்டியை நம்பாமல் யாரை நம்புவது?

மூணு மணிக்கு ஆரம்பம். நடுவர், பக்கத்து வீட்டு விசில் மாமா. ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் விசில். "கவனம் சிதறும்" என்று செல்போன்களின் சத்தத்தை அணைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். எனக்கு ஃபேனுக்குக் கீழே, கடிகாரத்துக்கு முதுகு காட்டி ராஜ ஆசனம்.

முதல் ரெண்டு ஆட்டமும் எனக்கே! இனி எதற்கு ஆடுவது? நேரத்தைக் கடத்தினால் போதுமே.

"இப்ப நான்தான் கலைக்கணும்" என்றாள்.

"நீ களைச்சுப் போயிருக்கே. நானே கலைக்கறேன்."

ஏழு தடவை கலைத்தேன். சீட்டை எண்ணினேன். ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

"வெட்டும்மா."

வெட்டினாள்.

"இப்படியா வெட்டறது? அழுத்தி எடுத்ததுல சீட்டு வளைஞ்சிருக்கும். திரும்பக் கலைக்கறேன்."

"தம்பி, கலைச்சது போதாதா?" என்றார் மாமா.

"விடுங்க மாமா, அவர் மனசு போல கலைக்கட்டும். நிதானமா கலைங்க, என்ன அவசரம்?"

பாவம், அசடு என்று எனக்கு இரக்கமாகவே இருந்தது. தண்ணீர் கேட்டேன். உள்ளே போனவள் யாரிடமோ போனில் பேசினாள். அவள் தங்கையாக இருக்கும். அந்த ஆட்டம் அவளுக்கு. அடுத்ததற்கு இன்னும் நிதானமாகக் கலைத்தேன்.

ஒருவழியாக விசில்! ரெண்டுக்கு ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக என் மனைவியை ஜெயித்துவிட்டேன்! சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

"சந்தோஷம்ங்க. போயிட்டு வாங்க."

பையோடு திரும்பினேன். கடிகாரத்தில் நாலு இருபத்தஞ்சு.

"மாமா! அரை மணிதானே?"

"ஆட்டம் அரை மணிதான் தம்பி. கலைக்கற நேரம் கணக்குல சேராது, நாலாவது விதி. நீ கலைக்கும்போதெல்லாம் வாட்சை நிறுத்திட்டேன். கையெழுத்து போட்டிருக்கியே?"

சமையலறைக்கு ஓடினேன். என் போனில் பதினொரு அழைப்பு, ஒரு செய்தி: 'வீட்ல கேட்டோம். சீட்டு கலைச்சுக்கிட்டு இருக்கியாமே? நல்லா கலைடா. நாங்க கிளம்பிட்டோம்.'

"ஜெயிச்சது நான்! பரண் கிடையாது!" என்று கத்தினேன்.

"ஜெயிச்சா போங்கன்னுதானே சொன்னேன்? போங்களேன், யார் தடுத்தா?" ஏணியைச் சுவரில் சாத்தினாள். "போகலைன்னா, சும்மாதானே இருக்கீங்க."

ஏறினேன். பழிக்குப் பழி என்று ஒரே டப்பாவை ஏழு தடவை தூசி தட்டினேன்.

கீழிருந்து குரல் வந்தது: "நிதானமா தட்டுங்க. ரெண்டு நாள் இருக்கு."